இட்டேரியில் கேட்ட கேள்விகள்: இயற்கையை நாம் எப்படிப் பார்க்கிறோம், எப்படிப் புரிந்துகொள்கிறோம்

காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவே இருக்கும் இட்டேரிகளில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது என் வழக்கம். இரண்டு பக்கமும் கிளுவை, கள்ளி, பிரண்டை என்று உயிர்வேலி, நடுவே வண்டித்தடம். அதுதான் இட்டேரி. அதை ஒட்டியே கொறங்காடு, அதாவது கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக ஆடுமாடு மேய்வதற்கென்று விட்ட மானாவாரி நிலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், பண்ணையம் பார்க்கிறவர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். குருவியின் பெயரில் தொடங்கும் பேச்சு சீக்கிரமே வேறு பக்கம் திரும்பிவிடும். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏனுங்க, நீங்க காட்டற குருவி எனக்கு மட்டும் தெரியவே மாட்டேங்குது. கண்ணாடி மாத்தணுமா?

பெரும்பாலும் கண்ணாடி காரணமில்லை. கையை நேரே நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அகலத்துக்குத்தான் நம் கண் துல்லியமாகப் பார்க்கும். சுற்றியிருப்பதெல்லாம் மங்கல்தான். நொடிக்கு மூன்று நான்கு தடவை கண் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் எல்லாமே தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது. அந்தச் சின்ன வட்டம் எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம்.

ஒரு நாள் வெள்வேல மரத்தடியில் ஒரு பக்கி உட்கார்ந்திருந்தது. பகலெல்லாம் தரையில் அசையாமல் கிடந்து ராத்திரி பூச்சி பிடிக்கும் பறவை. எட்டுப் பேர் இரண்டு கை தூரத்தில் நின்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. "அந்த வெங்கச்சாங்கல்லுக்கு இடது பக்கம் ஒரு சாண்" என்றேன். பனியன் கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு முதலில் தெரிந்தது கண் மட்டும்தான்: மூடியும் மூடாமலும் ஒரு கீறல். அடுத்த நொடி தலை, சிறகு, வால் எல்லாம் சருகுக்குள்ளிருந்து பிரிந்து வந்தன. அதற்கப்புறம் அவரால் அதைச் சருகாகப் பார்க்கவே முடியவில்லை. தேடுகிற உருவத்தை மனசு ஒருமுறை பிடித்துவிட்டால் போதும், கண் தானாகவே கண்டுபிடிக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முறைத்துப் பார்க்காமல் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். ஓரக்கண் உருவத்தில் மந்தமானாலும் அசைவைச் சட்டென்று பிடிக்கும்.

இருவது வருசமா இந்தக் காட்டுலதான் இருக்கறேன். பிரண்டைக்குப் பூ இருக்குதுன்னு இன்னைக்குத்தான் பார்க்கறேன். அதெப்படிங்க?

இதைக் கேட்டவர் வாரம் தவறாமல் பிரண்டைத் துவையல் அரைக்கிறவர். அவர் கண் தேடியது இளங்கொழுந்தை. பூ அந்தத் தேடலில் சேர்த்தி இல்லை. பழக்கம் ஒன்றைக் கூர்மையாக்கும்போது பக்கத்தில் இருப்பதை மறைத்தும் விடுகிறது.

2013-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. ஸ்கேன் படங்களைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட 24 மருத்துவர்களிடம் நுரையீரல் படங்களைக் கொடுத்துக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு படத்தின் மூலையில் கொரில்லா உருவம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அவர்கள் தேடிய கட்டியைவிட அது 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைப் பார்க்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண் நேராக அந்த இடத்தில் போய் நின்றிருந்ததும் பதிவாகியிருந்தது. கண் அங்கே போய் நின்றும் கவனம் போகவில்லை. செடிகள் விஷயத்தில் இது இன்னும் அதிகம். அசைகிற ஒடக்கானை, அதாவது ஓணானைப் பார்க்கிறோம், அது உட்கார்ந்திருக்கும் செடியைப் பார்ப்பதில்லை.

அப்ப பார்க்கறது கண்ணா, மூளையா?

இரண்டும் சேர்ந்துதான். ஒரு காகிதத்தில் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து எட்டு சென்டிமீட்டர் வலது பக்கம் தள்ளி ஒரு புள்ளி போடுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி காகிதத்தை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஓரடி தூரத்துக்கு வரும்போது புள்ளி காணாமல் போய்விடும். நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை என்பதுதான் காரணம்.

அந்த இடத்தில் ஓட்டை தெரியவில்லை என்பதை நன்றாகக் கவனியுங்கள். வெறும் வெள்ளைக் காகிதம்தான் தெரிகிறது. சுற்றிலும் வெள்ளை இருப்பதால் நடுவிலும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று மூளை நிரப்பிக்கொள்கிறது. கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து ஒளிதான் கண்ணுக்கு வருகிறது என்று 11-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியவர் அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம். பார்ப்பதில் நமக்குத் தெரியாமலே நடக்கும் ஓர் ஊகம் இருக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் அழுத்திச் சொன்னவர் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ். இனி வரும் பதில்களில் பாதி, இந்த ஊகத்தைப் பற்றியதுதான்.

பௌர்ணமிக்கு நிலா கெழக்கால உதிக்கறப்ப சோத்து வட்டலாட்டம் இருக்குது. மேல போனா சின்னதாயிருது. ஏனுங்க?

சின்னதாவதில்லை. உதிக்கும்போதும் உச்சியில் நிற்கும்போதும் நீட்டிய கையின் சுண்டுவிரல் நகம் நிலாவை மறைத்துவிடும். இரண்டு நேரத்திலும் செய்து பாருங்கள். கணக்குப்படி, அடிவானத்தில் இருக்கும்போது நிலா நமக்குக் கொஞ்சம் தூரமாக இருப்பதால் ஒரு மயிரிழை சிறிதாகவே இருக்க வேண்டும்.

பனைமரத்துக்கும் வீட்டுக்கும் அந்தப் பக்கம் நிலாவைப் பார்க்கும்போது "இவ்வளவு தூரத்தில் இருந்தும் இவ்வளவு அகலமா" என்று மூளை பெரிதாக்கிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். விளக்கத்தின் நுணுக்கங்களில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. காகிதத்தைக் குழலாகச் சுருட்டி மரம், வீடு எதுவும் தெரியாமல் நிலாவை மட்டும் பார்த்தால் அது சுருங்கிவிடும். பிள்ளைகள் இதைச் செய்யும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவாவது நீங்கள் ஒரு பௌர்ணமிக்கு மொட்டைமாடி ஏற வேண்டும்.

தார் ரோட்டுல தண்ணி தெரியறதும் இந்த மாதிரி மனசு செய்யற வேலைதானுங்களா?

இல்லை. கானல் நீர் செல்போன் படத்திலும் விழும். சூடான தாருக்கு மேலே உள்ள காற்று லேசாகி, வானத்திலிருந்து வரும் ஒளியை வளைத்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. வானத்தைத்தான் ரோட்டில் பார்க்கிறோம். வளைந்தது ஒளி. "தண்ணீர்" என்பது மட்டும் நாம் சேர்த்தது. எதைக் கண்டு சந்தேகம் வந்தாலும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படத்திலும் அப்படியே இருந்தால் ஒளியின் வேலை. நிலா மாதிரி படத்தில் சிறுத்துப்போனால் நம் வேலை.

தூரத்து மலை நீலமாகத் தெரிவதும் ஒளியின் வேலைதான். நடுவே உள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. ஆனால் மழை விட்ட காலையில் வெள்ளியங்கிரி பேரூருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்ட மாதிரி இருக்கிறதே, அது நம் ஊகம். மங்கலாக இருந்தால் தூரம், தெளிவாக இருந்தால் பக்கம் என்று பழகியிருக்கிறோம். மழை தூசியைக் கழுவியதும் அந்தக் கணக்கு பிசகுகிறது.

மொத மழைக்கு மண்ணு மணக்குதே, அது மண்ணோட வாசமா, மழையோட வாசமா?

இரண்டுமில்லை, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் வாசம். ஆக்டினோமைசீட்ஸ் என்ற வகை பாக்டீரியாக்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. காய்ந்த மண்ணில் செடிகளிலிருந்து சேரும் எண்ணெய்ப்பசையும் அதோடு கலந்துகொள்கிறது. 1964-ல் ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்ற இருவர் இந்த வாசத்துக்கு பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். துளி விழுந்ததும் மண்ணின் துளைகளிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்து வெடித்து வாசத்தைத் தெறிக்க விடுவதை 2015-ல் அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள்.

ஒரு லட்சம் கோடித் துளியில் ஒரு சில துளி கலந்தாலே ஜியோஸ்மினை நம் மூக்கு கண்டுகொள்ளும். நாயோடு ஒப்பிட்டு மனுசன் மூக்கை மட்டமாகப் பேசுவது வழக்கம். இந்த ஒரு வாசத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

பாம்புக்குக் காது கேக்காதுங்கறாங்க, மகுடிக்கு ஆடுதுங்கறாங்க. எதுங்க நெசம்?

பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும் இல்லை. உள்காது உண்டு, அது தாடை எலும்போடு சேர்ந்திருக்கிறது. தரை அதிர்வை நன்றாக உணரும், தாழ்ந்த ஒலிகளைக் காற்று வழியாகவும் ஓரளவு உணரும். மகுடிக்கு ஆடுவது இசைக்காக அல்ல. முன்னால் அசைகிற மகுடியைப் பார்த்து அதுவும் தலையை அசைக்கிறது.

கேள்வியின் உள்ளே பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு உயிரும் தன் உடம்புக்கு எட்டுகிற உலகத்தில்தான் வாழ்கிறது என்று 1909-லேயே எழுதியவர் உயிரியலாளர் யாக்கோப் ஃபான் யூக்ஸ்க்யூல். அவர் எடுத்துக்காட்டிய உயிர் உண்ணி. நம் ஆட்டுக் காதில் இருக்குமே, அதன் ஐரோப்பிய உறவு. அதற்குக் கண் கிடையாது. தோலிலிருந்து வரும் ஒருவகை அமில வாசம், ரத்தத்தின் கதகதப்பு, ரோமத்தின் தொடுகை, அவ்வளவுதான் அதன் உலகம். மற்றபடி கொறங்காட்டின் வெயிலும் பறவைச் சத்தமும் அதற்கு இல்லவே இல்லை.

அதே மாதிரி நமக்கு இல்லாதவையும் ஏராளம். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 20,000-க்கு மேலேயும் உள்ள ஒலி நமக்குக் கேட்காது. வௌவால் மேலே பேசுகிறது, யானை கீழே பேசுகிறது. 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டு உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது, காதில் ஒன்றும் கேட்காமல் காற்று மட்டும் அதிர்வதை விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் உணர்ந்தார். அப்படித்தான் யானைகளின் தாழ்ந்த குரல் தெரியவந்தது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ராத்திரி தோட்டத்துக்குள் வரும் யானைகள் சத்தமே இல்லாமல் வந்தன என்று சொல்கிறோம். அவை தங்களுக்குள் பேசிக்கொண்டே கூட வந்திருக்கலாம்.

தொல்காப்பியத்துல எறும்புக்கு மூணு அறிவுன்னு படிச்சேன். எறும்புக்குக் கண்ணு இருக்குதுங்களே?

இருக்கிறது. தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதியில் வரும் வரிசை இது: புல்லும் மரமும் தொடுவதை உணரும், நத்தைக்குச் சுவையும் சேரும், கறையானுக்கும் எறும்புக்கும் மோப்பம், நண்டுக்கும் தும்பிக்கும் பார்வை, விலங்குக்குக் கேள்வி, மனிதர்க்கு மனம். எறும்பு விஷயத்தில் இது அப்படியே பொருந்தாது என்றாலும் எறும்பின் வாழ்க்கையை நடத்துவது மோப்பம்தான். அதன் பாதையை விரலால் ஒருமுறை அழித்துப் பாருங்கள், அந்த இடத்தில் வந்து தடுமாறும். உழைக்கும் கறையான்களுக்குப் பெரும்பாலும் கண்ணே கிடையாது. அதைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது, உயிர்களை வடிவத்தாலோ பயனாலோ பிரிக்காமல் எதை உணர்கின்றன என்று கேட்டுப் பிரித்ததுதான். உண்ணியை வைத்து யூக்ஸ்க்யூல் கேட்டதும் அதே கேள்விதான்.

எங்க அப்பாரு வானத்தைப் பார்த்தே மழை சொல்லுவாரு. எங்களுக்கு ஏன் அது வரலைங்க?

வானத்தை மட்டும் பார்த்திருக்க மாட்டார். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆடியில் அந்த வழியாக மேகாத்து, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடித்துக்கொண்டு வரும். காற்றாலைகள் எல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன. ஆனால் மழையை மலையே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும், நமக்குத் தூறல்தான். நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில், அதுபோக சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழை. இந்த வரவு செலவு தெரிந்தவருக்கு ஆடியில் ஓடும் கருமேகம் ஒன்று, ஐப்பசி மேகம் வேறொன்று. நமக்கு இரண்டும் ஒரே கருமேகம்.

அப்புறம் காற்று. கோடை இடிமழை பெய்யும்போது குளிர்ந்த காற்று கீழே இறங்கி நாலாபக்கமும் விரிகிறது. மழை வருவதற்கு முன்னாலேயே அது நம்மை வந்து சேரும், மண் வாசத்தையும் தூக்கிக்கொண்டு. பொழுது சாய வாசலில் கட்டிலைப் போட்டுச் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தவருக்கு முதுகில் சில்லென்று படுவதும் எந்தத் திசையிலிருந்து மண் மணக்கிறது என்பதும் சேர்ந்து கிடைத்தன. மாடு மூக்கைத் தூக்கியதையும் பார்த்திருப்பார். இது வரம் இல்லை. ஐம்பது வருஷம் தவறாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து கவனித்ததால் வந்தது. அந்த நேரத்தில் நாம் ஜன்னல் சாத்திய அறைக்குள் இருக்கிறோம்.

அப்ப எறும்பு முட்டை தூக்கினா மழை, தட்டான் தாழப் பறந்தா மழைங்கறதெல்லாம் நெசந்தானுங்களா?

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எறும்புகள் முட்டையையும் புழுவையும் ஈரத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி இடம் மாற்றும், அது உறுதி. அதனால் மழை வரும்போது தூக்குவதற்கும் காரணம் உண்டு, மழையில்லாமல் தூக்குவதற்கும் காரணம் உண்டு.

நம் ஞாபகத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தட்டான் தாழப் பறந்து மழையும் வந்த நாள் மனசில் நிற்கும். பறந்தும் வராத நாள் மறந்துவிடும். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: பறந்தது வந்தது, பறந்தது வரவில்லை, பறக்கவில்லை வந்தது, பறக்கவில்லை வரவில்லை. ஒரு வருஷம் கோடு போட்டால் உங்கள் தோட்டத்துக்கு அந்தப் பழமொழி எவ்வளவு செல்லும் என்று தெரிந்துவிடும். மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் முன்னோர் சொன்னது என்று அப்படியே எடுத்துக்கொள்வதும் இரண்டுமே கவனிக்காமல் முடிவு கட்டுவதுதான். அதைவிட அப்பாருக்குச் செய்யக்கூடிய மரியாதை, அவர் மாதிரியே உட்கார்ந்து பார்ப்பது.

எனக்கு எல்லாமே வெள்ளை மாடாத்தான் தெரியுது. அவரு மயிலைங்கறாரு, பிள்ளைங்கறாரு. எப்படிங்க பிரிக்கறாங்க?

காங்கேயம் மாட்டுக்கு மயிலை, பிள்ளை, காரி, செவலை என்று நிறப்பெயர் உண்டு. கண்ணபுரம் சந்தையில் ஒரு வியாபாரி முப்பதடி தூரத்தில் வரும் காளையின் நிறம், பல், சுழி மூன்றையும் ஏறக்குறையக் கணித்துவிடுவார். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து சுமார் ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும் என்பதும் அவர் கண்ணில் ஏறியிருக்கிறது. காளைக்குத் திமிலிலும் முன்னங்காலிலும் கறுப்பு ஏறுவதை அவர் தேடிப் பார்க்கிறார்.

பெயர் இருந்தால் பார்வை கூர்மையாகுமா? ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் கருநீலத்துக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. 2007-ல் வெளியான ஆய்வில், இந்த இரு நீலங்களையும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குக் கிடைக்காத ஒரு வேகத்தோடு ரஷ்ய மொழிக்காரர்கள் பிரித்தார்கள். மனசுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே பார்க்கச் சொன்னபோது அந்த வேகம் போய்விட்டது. பெயர் கண்ணை மாற்றுவதில்லை, கண் கொடுத்ததைப் பிரித்து வைக்க உதவுகிறது.

இப்பத்தான் ஆப்பே பேரு சொல்லிருதே. நாம எதுக்குங்க கத்துக்கணும்?

ஆப்பைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் முன்னால் நீட்டுவதற்கு முதலில் ஒன்று உங்கள் கண்ணில் பட வேண்டும். அந்தப் பக்கியை எட்டுப் பேர் கையிலும் இருந்த செல்போன் கண்டுபிடிக்கவில்லை. பெயர் வந்ததும் போனை உள்ளே வைத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள்.

பாறையில முகம் தெரியுதுன்னு பொட்டு வெச்சுக் கும்பிடறாங்க. அது வெறும் கற்பனையா?

முகம் தெரிவது மூளையின் இயல்பு. இரண்டு குழியும் ஒரு கோடும் இருந்தால் போதும். முகம் பார்ப்பதற்கென்றே வேகமாக இயங்கும் பகுதி மூளையில் இருக்கிறது. கும்பிடுவது வேறு விஷயம், அதைக் கண்ணின் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப் பொட்டு வைத்த பாறையைச் சுற்றி மரம் வெட்டாமல் விட்டிருப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்துல எல்லாம் நெறைய இருந்துச்சுங்கறாங்க. நெசமா, வயசானவங்க பேச்சா?

தட்டான் கேள்வியில் சொன்ன ஞாபகச் சிக்கல் இங்கேயும் உண்டு, எதிர்ப் பக்கத்திலும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் தன் சின்ன வயதில் கண்டதையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது என்பதை 1995-ல் மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி எழுதினார். இன்றைய பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் மயில் நிற்பது சாதாரணம். நொய்யலில் 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயத் தண்ணீர் நின்ற இடமாகத்தான் அவர்களுக்குத் தெரியும். ஆற்றில் இறங்கிக் குளித்தவர்கள் சொன்னால் கதை மாதிரி கேட்கிறார்கள்.

சில நினைவுகளுக்குக் கணக்கே சாட்சி. செத்த மாட்டைச் சுற்றிப் பாறுக் கழுகுகள் இறங்கியதைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1990-களில் இந்தியாவில் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்துதான் காரணம் என்று தெரிந்து 2006-ல் மாடுகளுக்கு அதைத் தடை செய்தார்கள். இப்போது நமக்குப் பக்கத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் அவை மிச்சம். அதனால் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்தாதீர்கள். எந்த ஓடை, எந்த மாதம், எத்தனை என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.

செவ்வரளிப் பூ பகல்ல செவசெவன்னு இருக்குது, பொழுது போனதும் கறுத்துருது. தேனீக்குச் செவப்பே தெரியாதுங்கறீங்க. அப்ப எதுங்க அதோட நெச நெறம்? நாம பார்க்கறது எதுவுமே நெசமில்லையா?

இதைக் கேட்டது எட்டாவது படிக்கும் ஒரு பெண். நம் கண்ணில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. நிறம் பார்க்கும் கூம்புகள் சுமார் 60 லட்சம், மங்கலில் வேலை செய்யும் கோல்கள் சுமார் 12 கோடி. வெளிச்சம் குறையும்போது கூம்புகள் ஓய்ந்து கோல்கள் ஏறுகின்றன. கோல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. அதனால் பூ கறுக்க, இலை வெளுக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டுக்காரர் புர்கின்யே அதிகாலையில் பூக்களைப் பார்த்து இதைக் கண்டார்.

அரளிப் பூ எந்த அலைநீள ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பது பகலிலும் அந்தியிலும் மாறுவதில்லை. அதைக் கருவியால் அளக்கலாம், பொய்யில்லை. சிவப்பு என்பது அந்தப் பூ, அதன் மேல் விழும் வெளிச்சம், நம் கண் மூன்றும் சேரும்போது உண்டாவது. தேனீக்கு அந்தச் சேர்க்கை வேறு. அது புற ஊதா ஒளியையும் பார்ப்பதால், நமக்கு ஒரே மஞ்சளாக இருக்கும் சூரியகாந்தி இதழில் அதற்கு நடுவே கருவளையம் தெரியும். நாம் பார்ப்பதும் உண்டு, தேனீ பார்ப்பதும் உண்டு. இருவருமே பூவை முழுக்கப் பார்த்துவிடவில்லை.

அந்தப் பெண்ணிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு செவ்வரளிக்கு முன்னால் உட்காருங்கள். டார்ச் வேண்டாம், போனையும் எடுக்க வேண்டாம். முதலில் பூ கறுக்கும். இருட்டுக்குக் கண் முழுக்கப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குள் பளிங்குக் குண்டைத் தரையில் போட்டால் துள்ளித் துள்ளி ஓய்வது மாதிரி ஒரு சத்தம் கொறங்காட்டுப் பக்கமிருந்து கேட்கும். அதுதான் அந்தப் பக்கி.